1918 ஆம் ஆண்டின் காய்ச்சலும் சுவாசப்பையின் காவலும்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அதனை ஆண்டவர்களையும் அங்கெழுந்த மாளிகைகளையும் முதலிற் கூறுவர். அந்நகரத்து மக்கள் எந்நோயால் மடிந்தனர், அந்நோயின் இயல்பு பின்னர் எவ்வாறு விளங்கிற்று என்பவற்றைக் கூறுவோர் சிலரே. கொழும்பு மாநகரின் வடபாலுள்ள கொட்டாஞ்சேனைக்கு அத்தகைய வரலாறு ஒன்றுண்டு. அது 1918 ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அதன் கடைசி ஏடு இன்னும் எழுதி முடிந்தபாடில்லை.

கொட்டாஞ்சேனையின் வளர்ச்சி துறைமுகத்தின் வளர்ச்சியோடு பிணைந்தது. 1875 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், பிற்காலத்தில் ஏழாம் எட்வேட் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர், கொழும்புத் துறையின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். அவ்வணை எழுந்தபின் காலித் துறையின் சிறப்புக் குன்றிற்று. கொழும்புத் துறை ஓங்கிற்று. சுயெஸ் கால்வாய் வழியே கீழைத்தேசங்களுக்குச் சென்ற நீராவிக் கப்பல்கள் இங்கே தரித்து நிலக்கரியும் நீரும் ஏற்றின. கரி ஏற்றவும் மூடை சுமக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். தமிழகத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். செட்டியார் தெருவில் வணிகர் வந்து நிலைத்தனர். புனித லூசியாள் பேராலயத்தின் மாடமும், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலும், மீகெட்டுவத்தை குணானந்த தேரர் வாழ்ந்த தீபதுத்தாராம விகாரையும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தூரத்தில் நின்றன.

பல மொழியினரும் பல சமயத்தினரும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. வீடுகளோ அதனினும் நெருக்கமானவை. ஒரு வளவுக்குள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட சிறு குடியிருப்புகளுக்குத் "தோட்டம்" என்று பெயர். பெயரில் மட்டுமே அங்கு மரமும் செடியும் இருந்தன. சமைப்பதும் படுப்பதும் ஒரே அறையில். அடுப்புப் புகை வெளியேறச் சாளரமும் அரிது. பகல் முழுவதும் கரித்தூளைச் சுவாசித்த தொழிலாளி, இரவில் விறகுப் புகையைச் சுவாசித்து உறங்கினான். இச்செய்தியை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வரும் விஞ்ஞானச் செய்திகளுக்கு இதனோடு நெருங்கிய தொடர்புண்டு.

துறைமுகம் செல்வத்தைக் கொணர்ந்தவாறே நோயையும் கொணர்ந்தது. 1914 ஆம் ஆண்டிற் கொள்ளைநோயான பிளேக்கு கொழும்பிலே தலைகாட்டிற்று. அந்நோய்க்கு எலியும் எலித்தெள்ளும் காரணம் என்பது அப்பொழுதே தெரிந்திருந்தது. கொழும்பு நகரத்தின் நுண்ணுயிரியல் அறிஞராக விளங்கிய பேபியன் ஹேர்ஸ்ட், எலித்தெள்ளின் இனங்களை வேறுபிரித்தறிந்து, எவ்வினம் நோயை மிகுதியாகப் பரப்பும், எவ்வினம் குறைவாகப் பரப்பும் என்று ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். பகைவன் இன்னான் என்று தெரிந்தபடியால் எலியைப் பிடிக்கவும் களஞ்சியங்களைத் துப்புரவு செய்யவும் வழி பிறந்தது. நான்கு ஆண்டுகளின் பின் வந்த பகைவனுக்கோ முகமே இருக்கவில்லை.

1918 ஆம் ஆண்டு. முதலாம் உலகப் போர் முடியுந் தறுவாய். அவ்வாண்டு சூன் மாதத்திற் பம்பாய்த் துறையில் இன்புளுவென்சா இறங்கிற்று. ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கையிலும் அது காணப்பட்டது. "பம்பாய்க் காய்ச்சல்" என்ற பெயரும் இங்கு அதற்கு வழங்கிற்று. முதன்முறை வந்தபொழுது அது பெரிதும் வருத்தவில்லை. மூன்று நாட் காய்ச்சல், உடல் உளைவு, இருமல். அதன்பின் எழுந்து வேலைக்குச் சென்றவர் பலர். ஆனால் அவ்வாண்டின் பிற்பகுதியில் மீண்டும் வந்தபொழுது அதன் குணம் முற்றும் மாறியிருந்தது.

நோய் வந்த வாயில்கள் இரண்டு. ஒன்று கொழும்புத் துறைமுகம், மற்றது தலைமன்னார். 1914 ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தென்னிந்தியாவிலிருந்து இரயிலும் கப்பலும் மாறி மாறி ஏறி இலங்கைக்கு வருதல் எளிதாயிற்று. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் நடந்த பாதையிலேயே காய்ச்சலும் நடந்தது. சித்தார்த் சந்திரா, டில்சானி சரத்சந்திர என்னும் ஆய்வாளர் இருவர், பழைய பிறப்பு இறப்புப் பதிவுகளை மாவட்ட வாரியாக ஆராய்ந்து 2014 ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். இலங்கை இழந்த மக்கள் தொகை ஏறத்தாழ 3,07,000 என்றும், அது அன்றைய மக்களில் நூற்றுக்கு 6.7 விகிதம் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். இது முன்னைய மதிப்பீடுகளிலும் மிகப் பெரிது. பதினைந்து பேரில் ஒருவர் என்னும் இக்கணக்கைத் தீவு முழுவதற்கும் பொதுவாகக் கொண்டால், அதன் கொடுமை ஒவ்வொரு தெருவுக்கும் விளங்கும்.

எண்ணிக்கையிலும் வியப்பானது இறந்தோரின் வயது. சாதாரண இன்புளுவென்சா குழந்தைகளையும் முதியோரையுமே பெரிதும் வாட்டும். 1918 ஆம் ஆண்டின் காய்ச்சலோ உலகெங்கும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்டோரைத் தேடிப் பிடித்தது. மூடை சுமக்க வல்ல தோளுடையோர், கைக்குழந்தையுடைய தாய்மார் ஆகியோர் வீழ்ந்தனர். காய்ச்சல் கண்ட சில நாட்களில் மூச்சுத் திணறும். உதடும் செவியும் நீலம் பாரிக்கும். சுவாசப்பை நீரால் நிறையும். கரையில் நின்றவாறே நீரில் மூழ்குவதை ஒத்த மரணம் அது.

அக்காலத்து வைத்தியர்களிடம் இருந்தவை யாவை? கொழும்பிலே 1870 ஆம் ஆண்டு முதல் மருத்துவக் கல்லூரி இருந்தது. பற்றீரியா ஆய்வுக்கூடமும் இருந்தது. கல்வியிற் குறைவில்லை. ஆயினும், 1892 ஆம் ஆண்டிற் செருமானிய அறிஞர் பைபர் கண்ட ஒரு பற்றீரியாவே இன்புளுவென்சாவுக்குக் காரணம் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அந்நம்பிக்கை பிழையானது. வைத்தியர் உலகெங்கும் கொயினாவும் அசுப்பிரினும் கொடுத்தனர். படுக்கையிற் கிடக்கச் சொல்லினர். வீடுகளிற் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பது வழிவழி வந்த வழக்கம். காய்ச்சல் வந்த வீட்டாருக்கு அவை ஆறுதல் அளித்தன. நீலம் பாரித்த நோயாளியை மீட்க வழி எவரிடமும் இருக்கவில்லை.

நோயின் உண்மையான கிருமி 1933 ஆம் ஆண்டிலேயே அகப்பட்டது. இலண்டனில் வில்சன் சிமித், கிறித்தோபர் அன்றூசு, பற்றிக் லெயிட்லோ என்னும் மூவர், நோயாளியின் தொண்டை கழுவிய நீரிலிருந்து, பற்றீரியாவினும் மிக நுண்ணிய வைரசைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் தடுப்பூசி தோன்றிற்று. 1957 ஆம் ஆண்டில் "ஆசியக் காய்ச்சல்" சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தபொழுது, குன்னூர்ப் பாஸ்ற்றர் நிலையத்தார் அவ்வைரசை ஆராய்ந்து எழுத முடிந்தது. இந்தியாவில் அம்முறை 44 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. பதிவான இறப்பு 1,098. நாற்பது ஆண்டுகளுக்குள் உண்டான வேறுபாட்டை இவ்வெண்கள் ஓரளவு காட்டும். அவ்விரு வைரசுகளின் கொடுமையும் ஒன்றன்று என்பதையும் மறத்தலாகாது.

வைரசு அகப்பட்டது, ஆயினும் 1918 ஆம் ஆண்டின் புதிர் அவிழவில்லை. வைரசு ஒன்றே காரணமாயின், வலியோர் பிழைத்து மெலியோர் இறத்தல் வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் மிக்க இளைஞர் ஏன் மடிந்தனர்? இறந்தோரிற் பலருக்கு இன்புளுவென்சாவின் பின்னே பற்றீரியா புகுந்து நிமோனியா கண்டது என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின. அப்படியாயினும், பற்றீரியா எளிதிற் புகும்படி சுவாசப்பையின் உட்சுவர் முன்னரே சிதைந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை வைரசு ஆராய்ச்சியிலிருந்து மட்டும் வரவில்லை. அதன் ஒரு பகுதி, காற்றைப் பற்றிய இரசாயனத்திலிருந்து வந்தது.

ஒட்சிசன் இன்றி உயிர் இல்லை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஒட்சிசன் உயிரை அரிக்கவும் வல்லது என்ற ஐயம் பழமையானது. அவ்வாயுவைக் கண்டோருள் ஒருவரான யோசேப்பு பிரீத்திலி, அதிலே மெழுகுதிரி விரைந்து எரிந்து தீர்வதைக் கண்டு, தூய ஒட்சிசனையே சுவாசிப்போரின் உயிரும் அவ்வாறு விரைந்து தீர்ந்துவிடுமோ என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எண்ணினார். 1954 ஆம் ஆண்டில் ஆர்சன்டீன நாட்டு அறிஞர் றெபேக்கா கேர்ச்மன், ஒட்சிசனின் நஞ்சும் எக்சுக் கதிரின் தீமையும் ஒரே வகையில் உடலைத் தாக்குவன என்று காட்டினார். இரண்டிலும் கேடு விளைப்பவை சுயாதீன மூலிகங்கள் எனப்படுபவை. இலத்திரன் ஒன்று சோடியின்றி நிற்கும் இத்துணிக்கைகள், தம் குறையை நிரப்ப அருகிலுள்ள எப்பொருளிலிருந்தும் இலத்திரனைப் பறிக்கும். பறிகொடுத்த பொருள் கெடும். அது தன் அயலை நாடும். இரும்பிலே துரு பரவுவது போல உடற்கலங்களிலே ஒட்சியேற்றம் பரவும்.

இதற்கு உடல் காவலின்றி இருக்கவில்லை. 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யோ மக்கோட், எர்வின் பிரிடோவிச் என்போர், பசுவின் இரத்தத்திலிருந்து ஒரு நொதியத்தைப் பிரித்து அதன் தொழிலை விளக்கினர். சுப்பரொட்சைட்டு என்னும் கொடிய மூலிகத்தைத் தணிப்பதே அதன் தொழில். ஒட்சிசனைச் சுவாசிக்கும் உயிர்கள் இத்தகைய காவலரைத் தம்முள்ளேயே வளர்த்து வருகின்றன என்பது அப்பொழுது தெளிவாயிற்று. இவ்வாறு ஒட்சியேற்றக் கேட்டைத் தணிக்கும் பொருள்களையே ஒட்சியேற்றத் தடுப்பான்கள் என்பர். உடல் தானே செய்பவை சில. உணவிலிருந்து பெறுபவை சில. விற்றமின் சி, விற்றமின் ஈ, செலீனியம் என்பன பின்னைய வகையிற் சேரும்.

சுவாசப்பையில் இக்காவல் மிகுதியாக வேண்டப்படுகின்றது. உடலிலே வெளிக்காற்றை ஓயாது சந்திக்கும் உறுப்பு அதுவே. அதன் காற்றறைகளை மெல்லிய நீர்ப்படலம் ஒன்று போர்த்துள்ளது. அப்படலத்திற் குளுற்றாதயோன் என்னும் தடுப்பான், இரத்த நீரில் இருப்பதிலும் நூறு மடங்குக்கு மேல் உண்டு. மூன்று அமினோ அமிலங்களால் ஆன எளிய பொருள் அது. உண்ணும் புரதத்திலிருந்து உடல் அதனைச் செய்துகொள்ளும். புரதம் குறைந்தால் அதன் ஆக்கமும் குறையும்.

இனி, இரண்டு வரலாறுகளும் ஒன்றுசேரும் இடத்துக்கு வரலாம். வைரசு சுவாசக் குழாயிற் புகுந்ததும் வெண்குருதிக் கலங்கள் அங்கே விரைகின்றன. அவற்றின் படைக்கலம் யாது? 1973 ஆம் ஆண்டில் பேர்னாட் பேபியர் என்னும் அறிஞர் கண்டது இது: பற்றீரியாவைக் கொல்ல வெண்கலங்கள் சுப்பரொட்சைட்டையே உண்டாக்கி வீசுகின்றன. எத்துணிக்கை உடலை அரிப்பதாகக் கூறப்பட்டதோ, அதுவே உடலின் வாளுமாகும். அளவோடு வீசினால் பகை அழியும். அளவு கடந்தால், வாளுக்குப் பகைவன் யார், வீட்டுக்காரன் யார் என்ற வேற்றுமை தெரியாது. காற்றறையின் சுவர் சிதையும். குருதி நீர் உள்ளே கசியும். ஒட்சிசன் குருதிக்குச் செல்ல வழி அடைபடும். உதடு நீலம் பாரிக்கும்.

இது வெறும் ஊகமன்று என்பதை முதலிற் காட்டியோர் யப்பான் நாட்டுக் குமமோட்டோப் பல்கலைக்கழகத்தார். ஒடா, அகைக்கே, மயெடா முதலியோர் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இன்புளுவென்சா கண்ட எலிகளின் சுவாசப்பையில் மூலிகங்களை உண்டாக்கும் நொதியம் ஒன்று பெருகியிருந்ததைக் கண்டனர். மூலிகத்தைத் தணிக்கும் நொதியத்தை, உடலில் நீடித்து நிற்கும்படி வேறொரு பொருளோடு பிணைத்து, அவ்வெலிகளுக்கு ஊசிமூலம் செலுத்தினர். நோய் தொற்றி ஐந்து முதல் எட்டு நாட்களின் பின்னர்ச் செலுத்தியும், சாகவேண்டிய எலிகள் பல பிழைத்தன. வைரசைக் கொல்லும் மருந்தைப் பிந்திக் கொடுத்தாற் பயன் மிகக் குறைவு. இதுவோ பிந்திக் கொடுத்தும் பயன்பட்டது. கொல்ல வந்த கேட்டில் ஒரு பங்கு வைரசினுடையது, ஒரு பங்கு உடலினுடையது என்பதற்கு இது சான்றாயிற்று.

அவ்வெலிகளுக்கு ஏற்பட்டது வேறு வைரசு. 1918 ஆம் ஆண்டின் வைரசு அதனோடு மறைந்துபோயிற்று என்றே நெடுங்காலம் கருதினர். ஆனால் மெழுகிற் பதித்துப் பேணிய பழைய இராணுவ வைத்தியசாலைத் திசுக்களிலிருந்தும், அலாஸ்காவின் உறைபனி நிலத்திற் புதைந்த ஓர் உடலிலிருந்தும் அதன் மரபுக்கூறுகளைத் தோபன்பேகர் குழுவினர் துண்டு துண்டாகத் திரட்டினர். 2005 ஆம் ஆண்டில் அவ்வைரசு கடுங்காவல் மிக்க ஆய்வுகூடத்தில் மீண்டும் ஆக்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டில், அதே வைரசு தொற்றிய எலிகளுக்கு, மூலிகங்களைத் தணிக்கும் செயற்கைப் பொருள் ஒன்றை மூன்றாம் நாள் முதற் கொடுத்துப் பார்த்தனர். எலிகளின் சுவாசப்பைச் சிதைவு குறைந்தது. பிழைத்தவற்றின் தொகை உயர்ந்தது. வைரசின் அளவோ பெரிதாகக் குறையவில்லை. தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலே எழுந்த வினாவுக்கு, இதனிலும் நெருங்கிய விடை அதுவரை கிடைத்ததில்லை.

உணவுக் குறைவைப் பற்றிய ஆய்வுகள் இதனை மேலும் விளக்கின. அமெரிக்காவின் வட கரோலினாவில் மெலிண்டா பெக் என்னும் அறிஞர், செலீனியம் குறைந்த எலிகளுக்கு இன்புளுவென்சா வந்தால் சுவாசப்பை மிகுதியாகச் சிதைவதைக் கண்டார். அதனினும் அச்சந்தரும் செய்தி, அத்தகைய எலியின் உடலில் வைரசே மாற்றமடைந்து கொடியதாயிற்று என்பது. போசணை குறைந்த உடல் தனக்கு மட்டுமன்றி அயலாருக்கும் கேடாகலாம் என்பது இதனாற் புலப்படும். 2006 ஆம் ஆண்டில் அவர் குழுவினர், மனிதரைப் போல விற்றமின் சி செய்ய இயலாத எலிகளை ஆராய்ந்தனர். விற்றமின் சி குறைந்த எலிகளிலும் நிறைந்த எலிகளிலும் வைரசின் அளவு ஒன்றே. சுவாசப்பையின் சிதைவு மட்டும் குறைந்தவற்றில் மிகுதி. புகையூட்டிய எலிகளைப் பற்றி யப்பானியர் செய்த ஆய்வும் இதனோடு ஒத்தது. தடுப்பான்களை உண்டாக்கும் மரபுக்கூறுகளைத் தட்டியெழுப்பும் புரதம் ஒன்றுண்டு. அஃது இல்லாத எலிகள், புகையையும் இன்புளுவென்சாவையும் சேர்த்துத் தாங்க மாட்டாது மடிந்தன.

இவற்றைக் கொட்டாஞ்சேனையின் பழைய நிலையோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். இறக்குமதி அரிசியையே பெரிதும் நம்பிய நகரம், யுத்தத்தால் ஏறிய விலைவாசி, கரித்தூள், விறகுப் புகை, நெருங்கிய குடியிருப்பு. காய்ச்சல் வருமுன்னரே அம்மக்களின் சுவாசப்பையிற் காவற்பொருள் பெரும்பகுதி செலவாகியிருத்தல் கூடும். 1921 ஆம் ஆண்டிற் பற்றிக் கெடிஸ் என்னும் நகரமைப்பு அறிஞர் கொழும்பைப் பற்றி அறிக்கை எழுதியபொழுது, காற்றும் ஒளியும் மரமும் உள்ள நகரத்தையே மனத்திற் கொண்டார். சுயாதீன மூலிகம் என்ற சொல்லோடு அவருக்குத் தொடர்பில்லை. எனினும் அவர் நாடிய காற்றும் ஒளியும் சுவாசப்பையின் காவலுக்கு வேண்டியவையே.

எலிக்குக் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? இங்கே நிதானம் வேண்டும். 1997 ஆம் ஆண்டில் இத்தாலியில் வெளிவந்த ஆய்வொன்றில், பெரும்பாலும் முதியோரான 262 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு அசற்றைல் சிசுத்தெயீன் என்னும் மருந்தை நாளுக்கு இருமுறை, 600 மில்லிகிராம் வீதம், ஆறு மாதம் கொடுத்தனர். சளியை இளக்க வைத்தியர் நெடுங்காலம் வழங்கிய மருந்து அது. உடலிற் குளுற்றாதயோனை உண்டாக்க உதவுவது. இரு பகுதியினருக்கும் வைரசு ஏறத்தாழ ஒரே அளவிலேயே தொற்றிற்று. ஆனால் தொற்றியோருள் நோய்க்குறி தோன்றியவர், மருந்து உண்டோரில் நூற்றுக்கு 25. உண்ணாதோரில் நூற்றுக்கு 79. எலி ஆய்வின் எதிரொலி இங்கே கேட்கின்றது. ஆயினும் ஒரே சிற்றாய்வைக் கொண்டு ஊருக்கெல்லாம் விதி வகுத்தல் முறையன்று.

மறுபுறத்துச் செய்திகளும் உள. நொபெல் பரிசு பெற்ற லைனஸ் போலிங் 1970 ஆம் ஆண்டில், விற்றமின் சியைப் பேரளவில் உண்டால் தடிமன் வராது என்று நூல் எழுதினார். உலகம் குளிகைகளை அள்ளி விழுங்கிற்று. பின்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், பொதுமக்களுக்குத் தடிமன் வருவதை அது தடுக்கவில்லை என்றும், நாள்தோறும் உண்டு வந்தோரில் தடிமன் நீடிக்கும் காலம் வளர்ந்தோருக்கு நூற்றுக்கு 8 பங்கும் குழந்தைகளுக்கு 14 பங்கும் குறைந்தது என்றும் கண்டனர். பின்லாந்தில் 29,000 க்கு மேற்பட்ட புகைபிடிப்போருள் ஒரு பகுதியினருக்கு பீற்றா கரோட்டீன் என்னும் தடுப்பானைக் குளிகையாகக் கொடுத்தபொழுது, 1994 ஆம் ஆண்டில் வந்த முடிவு அதிர்ச்சியளித்தது: சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை; நூற்றுக்கு 18 வீதம் கூடிற்று. 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், குருதியில் நோய் பரவி அபாய நிலையிலிருந்த 872 பேருள் விற்றமின் சி ஊசி பெற்றோர், பெறாதோரினும் நன்மையடையவில்லை. அவர்களுள் இறந்தோரும் உறுப்புச் செயலிழந்தோரும் சற்று மிகுதி.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் முன்னரே கூறப்பட்டது. மூலிகம் உடலின் வாளுமாகும். அதனை முழுவதும் பறித்தால் உடல் நிராயுதபாணியாகும். பிறவியிலேயே அம்மூலிகத்தை ஆக்க மாட்டாத வெண்கலங்களோடு பிறக்கும் குழந்தைகள் உள்ளனர். அவர்களைப் பற்றீரியாவும் பூஞ்சணமும் மீண்டும் மீண்டும் தாக்குகின்றன. சமையலுக்கு அடுப்பில் தீ வேண்டும், கூரையில் வேண்டாம். எப்பொருளை, எவ்வளவு, நோயின் எந்நாளிற் கொடுத்தால் அடுப்பு அணையாது கூரை பிழைக்கும் என்பதே இன்று ஆய்வாளர் முன்னுள்ள வினா. அதற்கு மனிதரில் முடிந்த விடை இன்னும் கிடைக்கவில்லை.

ஆதலின் இன்புளுவென்சா கண்டவர் குளிகைப் போத்தலை நம்பி வீட்டிற் கிடத்தல் தகாது. மூச்சு வாங்குமாயின், உதடு நிறம் மாறுமாயின், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். 1918 ஆம் ஆண்டில் இல்லாத ஒட்சிசன் சிகிச்சை வசதிகளும், பற்றீரியாவைக் கொல்லும் மருந்துகளும், வைரசைத் தடுக்கும் மருந்தும், தடுப்பூசியும் இன்று உள. முதியோர், கருவுற்ற தாய்மார், நெஞ்சுநோய் உடையோர் ஆகியோருக்குத் தடுப்பூசி முதற் காவல்.

இரண்டாவது காவல் நோய் வருமுன்னர் நாளாந்தம் தேடிக்கொள்ளப்படுவது. அதிற் பெரும்பகுதி கொட்டாஞ்சேனைச் சந்தையிலேயே கிடைக்கும். 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதிலும் அது இரு மடங்கு. நெல்லிக்காயும் அவ்வாறே சிறந்தது. தேசிக்காயிற் கிடைப்பது இவற்றினும் குறைவு. இவ்விற்றமின் நெடுநேரம் கொதித்தால் அழியும். ஆதலால் தேசிப்புளியை அடுப்பிலிருந்து இறக்கியபின் விடும் பழைய வழக்கம் நல்ல வழக்கமே. முகத்துவாரத்து மீனிற் செலீனியமும் புரதமும் உள. பருப்பும் முட்டையும் குளுற்றாதயோனுக்கு மூலப்பொருள் தரும். முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் தத்தம் பங்கைத் தரும். உணவாக உண்ணும்பொழுது இவை அளவு கடப்பதில்லை. குளிகையில் வந்த ஆபத்து கீரையில் வந்ததாக எவ்வாய்வும் கூறவில்லை.

மூன்றாவது காவல் காற்று. நிலக்கரிக் கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது. ஆயினும் துறைமுகத்துக்குச் செல்லும் பார ஊர்திகளின் புகையும், சிகரெட்டும், மூடிய அறையில் எரியும் நுளம்புத்திரியும் சுவாசப்பையின் காவற்பொருளை நாள்தோறும் செலவழிக்கின்றன. வரவைப் பெருக்குவதிலும் செலவைச் சுருக்குவது பலருக்கு எளிது.

1918 ஆம் ஆண்டில் மடிந்தவர்களுட் பலருக்குப் பதிவேட்டில் ஒரு வரியன்றி வேறு நினைவுச்சின்னம் இல்லை. அவர்களின் மூச்சை நிறுத்தியது யாது என்பதை அறிய உலகத்துக்கு ஒரு நூற்றாண்டு சென்றது. அவ்வறிவும் இன்னும் நிறைவுறவில்லை. நோயை நாடி, நோயின் முதலையும் நாடி, அதன்பின்னரே மருந்தை நாடுதல் வைத்தியரின் முறை. இன்புளுவென்சா மீண்டும் மீண்டும் கடல் கடந்து வரும். துறைமுகத்தின் வாயிலில் வாழ்வோர் அதனை முதலிற் சந்திப்பர். அது வரும் நாளில் கொட்டாஞ்சேனையின் சிறு வீடுகளிற் சாளரம் திறந்திருப்பதும், தட்டிற் கீரையும் மீனும் இருப்பதும், வைத்தியசாலையை நாடத் தயங்காத மனம் இருப்பதுமே அன்று மடிந்தோருக்கு இன்றுள்ளோர் செய்யத்தக்க கடன்.